சட்டகம் இன்றி எழுந்த குவிமாடம்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துச் சாந்தா மரியா தெல் ஃபியோரே பேராலயத்தின் கட்டுமானம் 1296இல் தொடங்கியபோதிலும், நூறாண்டுகளுக்கும் மேலாக அதன் பலிபீடப் பகுதி, ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்துக்குக் கூரையின்றி வானம் பார்த்தே கிடந்தது. வடக்கு நாடுகளின் பேராலயங்களில் சுவர்களுக்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் வளைவுகளைத் தவிர்த்து, எண்கோணச் சுவரின் மீது கூர்முகக் குவிமாடம் ஒன்றை எழுப்ப வேண்டும் என்பது 1367இலேயே முடிவாகிவிட்டது. ஆகவே அதன் வடிவம், அதைக் கட்டிய பிலிப்போ புருனெல்லெஸ்கியின் கற்பனையில் பிறந்ததன்று. அதைக் கட்டும் வழியைக் கண்டதே அவருடைய பெருஞ்சாதனை.

பொதுவாக வளைவுகளைக் கட்டுவோர், சாந்து இறுகும் வரை கற்களைத் தாங்குவதற்கு, வளைவின் வடிவிலேயே மரச்சட்டகம் ஒன்றை முதலில் அமைப்பர். நிலத்திலிருந்து 50 மீட்டருக்கும் மேலே தொடங்கும் இக்குவிமாடத்துக்கு அத்தகைய சட்டகம் அமைக்கப் போதிய மரம் கிடைப்பதே அரிது. 1418இல் அறிவிக்கப்பட்ட போட்டியில், பொற்கொல்லராகப் பயின்ற புருனெல்லெஸ்கி, சட்டகமே தேவையில்லை என்று வாதிட்டார்; 1420இல், சிற்பி லொரென்சோ கிபெர்த்தியும் உடன் பொறுப்பேற்க, வேலை தொடங்கியது.

குவிமாடம் ஒன்றல்ல, இரண்டு: பளுவைத் தாங்கும் தடித்த உள்ஓடும், மழையைத் தடுத்து மாடத்துக்குப் பெருந்தோற்றம் தரும் மெல்லிய வெளிஓடும், மூலைகளில் 8, இடையில் 16 என நிற்கும் விலாச்சுவர்களால் பிணைக்கப்பட்டுள்ளன. உள்நோக்கிச் சாயும் சுவரில் ஈரச்சாந்தின் மீது வைத்த செங்கல் வழுக்கி விழாதிருக்க, படுக்கையாக அடுக்கிய கற்களுக்கு இடையே குறிப்பிட்ட தொலைவுக்கு ஒன்றாகச் செங்குத்துக் கற்கள் செருகப்பட்டன. ஒவ்வொரு வரிசையிலும் சற்றே நகர்ந்து சுருளாக மேலேறும் இந்த மீன்முள் அடுக்கு, இடைப்பட்ட கற்களைக் கவ்விப் பிடித்தது. எண்கோணச் சுவரின் தடிமனுக்குள் முழு வட்டம் ஒன்று அடங்குவதால், நிறைவுற்ற ஒவ்வொரு வரிசையும் வளையமாக இறுகித் தன்னைத் தானே தாங்கிக்கொண்டது என்று ஆய்வாளர் விளக்குவர். அடிப்பகுதி வெளிநோக்கி விரியாதபடி, பீப்பாயைச் சுற்றிய பட்டைகளைப் போல, இரும்புப் பிடிகளால் இணைத்த மணற்கல் சங்கிலிகளும் மரச்சங்கிலி ஒன்றும் சுவருக்குள் பதிக்கப்பட்டன.

பாரம் தூக்கும் பொறியும் புருனெல்லெஸ்கியே வடிவமைத்ததுதான். மாடுகள் ஒரே திசையில் சுற்றிவரும்போதே, பற்சக்கரங்களை மாற்றிப் பூட்டினால் பாரம் ஏறவும் இறங்கவும் செய்யும். மாடுகளை அவிழ்த்துத் திருப்பிக் கட்டும் வேலையை இது ஒழித்தது என்பது, பல்லாயிரம் டன் பொருள் ஏறிய அந்தப் பணியில் சிறிய ஆதாயமன்று.

1436இல் குவிமாடம் நிறைவுற்றது. உச்சியிலுள்ள ஒளிமாடத்தின் பணி தொடங்கிய 1446ஆம் ஆண்டிலேயே புருனெல்லெஸ்கி மறைந்தார். அவர் உடல் அப்பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. சிற்பி வெரோக்கியோ செய்த செப்புக் கோளம் 1471இல் உச்சியில் ஏறியது. வெளிநோக்கிய உந்துவிசையைச் சங்கிலிகளால் முழுவதும் அடக்க இயலவில்லை. நூற்றாண்டுகளாக ஓடுகளில் காணப்படும் விரிசல்களின் அசைவை இன்று கருவிகள் இடைவிடாது அளந்துவருகின்றன.