ஷூகேஸ்... காலணிப் பெட்டி இல்லீங்க!

வேலைக் களைப்பைப் பாடும் ராக் இசைத்தொகுப்பு வேண்டுமா? சிங்கப்பூர்க் குழுவான 'சப்சோனிக் ஐ' 2025இல் வெளியிட்ட 'சிங்கப்பூர் டிரீமிங்' கேட்டுப் பாருங்க.

அந்தக் குழுவின் பயணம் 'ஷூகேஸ்' பாணியை ஒட்டித் தொடங்கியது.

ஷூகேஸ்... அப்படின்னா?

கித்தார் கலைஞர்கள் ஒலியை மாற்றும் பெடல்களைக் காலால் இயக்குவார்கள். பார்வை தரையிலேயே இருக்கும். 'ஷூவையே பார்க்கிறார்கள்' என்று 1990களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இசை இதழ்கள் கிண்டலடித்தன. பெயர் ஒட்டிக்கொண்டது.

எப்படி ஒலிக்கும்?

கித்தார் இரைச்சல் அலை அலையாக வரும். குரல் அதற்குள் அமுங்கியிருக்கும். வரிகள் புரியலையா? கவலை வேண்டாம். இங்கே குரலும் ஓர் இசைக்கருவிதான்.

எங்கே தொடங்கலாம்?

🎸 'லவ்லெஸ்' (1991) – மை பிளடி வேலன்டைன். இந்தப் பாணியின் அடையாளம்.

🎸 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ஸ்' (2017) – சப்சோனிக் ஐ. கனவுபோல மங்கலான ஒலி.

🎸 'நேச்சர் ஆஃப் திங்ஸ்' (2021) – அதே குழு. மங்கல் விலகுகிறது; இயற்கை நுழைகிறது.

பிறகு 'சிங்கப்பூர் டிரீமிங்'. வேலை, அவசரம், நகர வாழ்க்கையின் அழுத்தம்... எல்லாம் நமக்குத் தெரிந்தவை.

வெளிநாட்டு இசைன்னு ஒதுக்கிடாதீங்க. அதில் ஒலிப்பது நம்ம ஊர்க் கதை!