நிமிடத்துக்கு 140... வெயிலில் பதறும் குட்டி இதயம்!

சித்திரை மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம்தான். அதன் நிழலோ ஒரு குடை அளவுக்குக்கூடத் தேறாது. அந்த வெயிலில் பருத்தி எடுக்கவும், கரிமூட்டத்துக்கு விறகு வெட்டவும், நூறு நாள் வேலைக்கு மண் சுமக்கவும் நிற்கிற பெண்களில் கர்ப்பிணிகளும் உண்டு. 'ஆறு மாசம்தானே, இப்பவே உட்கார்ந்துட்டா எப்படி?' என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால், அந்த வெயில் தாயோடு நிற்பதில்லை.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் உடல் சூடு, தாயின் சூட்டைவிட எப்போதும் அரை டிகிரி போல அதிகம். தன் சூட்டை அது தாயின் ரத்தத்தில்தான் இறக்கிவைக்க வேண்டும். தாயே கொதித்தால்? உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும், வியர்வையில் நீர் வற்றும், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறையும். குட்டி இதயம் வேகமெடுக்கும்.

ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் வயலில் வேலை செய்யும் 92 கர்ப்பிணிகளை ஆராய்ந்து, 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெப்பம் ஏற ஏற, குழந்தையின் இதயத்துடிப்பும் தொப்புள்கொடி ரத்த ஓட்டமும் தடுமாறும் வாய்ப்பு கூடியது. தமிழ்நாட்டிலும் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 800 கர்ப்பிணிகளைக் கண்காணித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

சரி, நர்சம்மா கருவியை வயிற்றில் வைத்து என்ன கேட்கிறார்? நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் இயல்பு. ஆனால், எண் மட்டும் போதாது. பெரிய மருத்துவமனையில் பெல்ட் கட்டி எடுக்கும் கிராஃபில் டாக்டர்கள் கோட்டின் நடையைத்தான் பார்க்கிறார்கள். அது சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். குழந்தை அசையும்போது சட்டென ஏறி இறங்கினால் நல்ல அறிகுறி. நெளிவே இல்லாத தட்டைக் கோடு என்றால், குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பார்கள். அப்போதும் மாறாவிட்டாலோ, பிரசவ வலி வந்து போன பிறகும் துடிப்பு இறங்கியே கிடந்தாலோதான் கவலை. குழந்தைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

இப்போது ஆன்லைனில் கையடக்க டாப்ளர் விற்கிறார்கள். வாங்காமல் இருப்பதே நல்லது. தாயின் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று நினைத்து, 'நல்லாத்தான் இருக்கு' என ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடும் ஆபத்து உண்டு.

அதைவிட நம்பகமானது தாயின் கவனம். ஏழு மாதத்துக்குப் பிறகு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவுகளை எண்ணலாம். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால், அல்லது வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினால், 'விடியட்டும்' என்று இருக்கக் கூடாது. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். 108-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

வேலைக்குப் போயே ஆக வேண்டிய பெண்ணுக்கு, உச்சி வெயில் வேளையை வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீரோ நீர்மோரோ குடிக்கட்டும். தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். கூலி போனாலும் வீட்டார் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.