உங்கள் மருத்துவச் சீட்டு யார் கையில்?



பிழைப்புக்காக மும்பைக்கோ தில்லிக்கோ பெங்களூருக்கோ வந்து சேர்ந்த நாள் முதல் எத்தனை மருத்துவமனைகளின் முகப்பு மேசையில் உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சொல்லியிருப்பீர்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். ஊரில் இருந்தபோது வைத்தியர் உங்கள் தகப்பனாரையும் அறிந்திருந்தார். அவர் எழுதிய சீட்டு உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. இங்கோ ஆதார் நகல் கேட்கிறார்கள். இரத்தப் பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு பிரதி போகிறது. உங்கள் வியாதியை உங்கள் மனைவி அறியும் முன்னரே நான்கைந்து கணினிகள் அறிந்துவிடுகின்றன.

அந்தக் கணினிகளின் கதவு எப்போதும் பூட்டியே இருக்கிறதா? 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் திடீரென முடங்கின. வெளிநோயாளிகளின் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எல்லாம் கைப்பட எழுதியே நடைபெற்றன. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் விஷமிகளால் பூட்டப்பட்டதாக அரசு பின்னர் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ அறிக்கைகளும் அடையாள அட்டைகளும் டெலிகிராமில் கேட்டவருக்குக் கிடைக்கும் நிலை உண்டாயிற்று. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் பெருமை பேசினான். சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் நிறுவனத்தார். கசிவை அடைப்பதே அதன் நோக்கம். வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு பெற்றுத் தருவதல்ல. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டிலுள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே விற்கப்பட்டதை அகமதாபாத் சைபர் குற்றப் பிரிவினர் கண்டுபிடித்துச் சிலரைக் கைது செய்தார்கள். பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் அவை. இதற்கு மேல் விவரிக்க மனம் வரவில்லை.

வங்கி அட்டையின் எண் திருடுபோனால் வேறு அட்டை வாங்கிக்கொள்ளலாம். வியாதியின் வரலாற்றை மாற்றிக்கொள்ள இயலுமா? மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் அவள் மனநல மருத்துவரிடம் சென்ற செய்தி வெளியானால், வாடகை வீட்டுக்காரருக்குக் காசநோய் விவரம் தெரிந்தால், ஒப்பந்தக்காரர் காதில் இருதய நோய் என்ற சொல் விழுந்தால், சொந்த பந்தம் அருகில் இல்லாத நகரத்தில் அந்தக் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்? (நம் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் "ஜெபக்குறிப்பு" என்று பெயர், வார்டு எண், வியாதி எல்லாவற்றையும் அறிக்கை நகலோடு அனுப்பும் பழக்கத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அன்பினால் செய்கிறோம். எனினும் அந்தச் சகோதரியின் அனுமதியை யார் கேட்டது?)

சரி, கசிந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் காக்கப்படுவது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று செய்தித்தாள்களில் பெரிதாகப் போட்டார்கள். வாசித்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும்; பாதிக்கப்பட்ட உங்களுக்கு நஷ்டஈடு வழங்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. கசிவு நேர்ந்தால் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அது நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துகிறது, அது நல்லதே. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, தீர்வு இல்லாவிட்டால் தகவல் பாதுகாப்பு வாரியத்தை நாடலாம். ஆயினும் பறிபோன வேலைக்கும் முறிந்த சம்பந்தத்துக்கும் அந்த வாரியம் உங்களுக்கு ஒரு ரூபாயும் வாங்கித் தராது.

நஷ்டஈட்டுக்கு இடம் வைத்தது பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. மருத்துவக் குறிப்பு, உடல்நிலை, மனநிலை ஆகியவை பிரத்தியேகப் பாதுகாப்புக்குரிய தகவல்கள் என 2011ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அவற்றை வைத்திருக்கும் தனியார் நிறுவனம் அலட்சியமாக இருந்து உங்களுக்கு நஷ்டம் நேரிட்டால் ஈடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பவர் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். செயலாளர் எளியவருக்குச் செவிகொடுப்பாரா என்று கேட்பீர்கள். 2010இல் இணைய மோசடியில் பணம் இழந்த ஒரு வங்கி வாடிக்கையாளருக்கு 12 லட்சத்துக்கும் அதிகமான தொகையை வழங்கும்படி தமிழகத்தின் செயலாளர் இதே அதிகாரத்தைக் கொண்டு உத்தரவிட்டிருக்கிறார். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: 2025 நவம்பர் அறிவிப்பின்படி, புதிய சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்போது இந்த 43ஏ பிரிவு நீக்கப்படும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்வதாகவே இது எனக்குத் தோன்றுகிறது.

எஞ்சி நிற்பது நுகர்வோர் ஆணையம். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதுவே ஏற்ற வழி என்பேன். நம்பிக்கையோடு கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவது முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்லுகிறது. நிறுவனம் தானாக வெளியிடாமல் திருடன் எடுத்துச் சென்றிருந்தால், பாதுகாப்பில் காட்டிய அலட்சியத்தைச் சேவைக் குறைபாடு என்று வாதிட வேண்டியிருக்கும். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வேலூரில் சிகிச்சை பெற்றவர் தாராவியில் வசித்தால் மும்பையிலேயே முறையிடலாம். ரயில் ஏற வேண்டியதில்லை. சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியாகவும் மனுச் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றே பெரிய வழி. செலவும் காலமும் ஆகும். மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் விசாரியுங்கள்.

எச்.ஐ.வி. தொடர்பான தகவலுக்குத் தனிச் சட்டமே உண்டு. அது வருமுன் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? ஒரு நோயாளியோடு சென்னைக்கு வந்து அவருக்காக இரத்தம் கொடுத்த நாகாலாந்து மருத்துவர் ஒருவரின் பரிசோதனை முடிவு வெளியே தெரிந்து, நிச்சயித்த திருமணம் நின்றது. சொந்த ஜனங்களே ஒதுக்கியதால் அவர் கோஹிமாவை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1998இல் உச்ச நீதிமன்றம், மணப்பெண்ணின் உடல்நலத்தைக் காக்கும் உரிமையே மேலானது என்று சொல்லி அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கும் சட்டமோ, சம்மதமின்றி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதைத் தடை செய்கிறது. வாழ்க்கைத் துணைக்குத் தெரிவிப்பதற்கும் ஆலோசனை வழங்குதல் முதலான ஒழுங்கு உண்டு. மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். நீதிமன்றத்தில் புனைபெயரிலேயே வழக்கை நடத்தவும் அனுமதி கேட்கலாம். பெயர் வெளியாகிவிடுமே என்று அஞ்சி மௌனமாயிருப்பவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

குற்றம் செய்தவனைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. பணம் பறிபோயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எங்கே நடந்த குற்றமானாலும் அருகிலுள்ள காவல் நிலையத்திலேயே புகாரைப் பதிவு செய்ய இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. "எங்கள் எல்லை அல்ல" என்று எழுத்தர் திருப்பி அனுப்பினால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

எந்த வழியில் சென்றாலும் காகிதம் வேண்டும். உங்களுக்கு வந்த குறுஞ்செய்தியையோ வெளியான பக்கத்தையோ தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். மருத்துவமனைக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள்: என் விவரங்களில் எவை வெளியாயின, எந்தத் தேதியில், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் அதே கடிதத்தில் கோருங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. இழந்த வேலை, நின்ற சம்பந்தம், காலி செய்த வீடு எதுவாயினும் அதற்கான கடிதத்தையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். தபால் அலுவலகச் சீட்டைக் கடித நகலோடு குத்தி, பத்திரமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.