எழ மறுத்த கணிப்பொறி

கணிப்பொறி இன்று நம் கல்லூரி அன்பர்கட்குப் புதுமையான பொருளன்று. கட்டுரை வரைதற்கும், கணக்கிடற்கும், படம் காண்டற்கும் அதனையே நாடுகின்றோம். ஆயினும், பொத்தானை அழுத்தியதும் அது எவ்வாறு துயிலெழுகின்றது என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எழாத நாளில்தான் எண்ணுகின்றோம். அத்தகைய நாளொன்றைப் பற்றியும், அன்று கற்றுக்கொண்ட சில செய்திகளைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

சென்ற விடுமுறையில் கோட்டக்குப்பத்திலிருந்து மாணவரொருவர் தம் மடிக்கணினியைப் பையிலிட்டுச் சுமந்துகொண்டு என் இல்லத்திற்கு வந்தார். கோட்டக்குப்பம் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், எல்லையை ஒட்டினாற்போல் அமைந்த ஊர் என்பதை யாவரும் அறிவர். அப்பகுதியினின்றும் புதுச்சேரி, காரைக்கால் ஆகிய இடங்களினின்றும் சைகோன் நகருக்குச் சென்று வாணிபம் செய்தோர் அக்காலத்திற் பலர். இளமையில் அங்கு வாழ்ந்து, 1975ஆம் ஆண்டையொட்டித் தாயகம் மீண்ட முதியோர் சிலரைக் கண்டு, அவர்தம் நினைவுகளை அவர்தம் வாய்மொழியாகவே பதிவு செய்து வந்தார் இம்மாணவர். வரலாற்றுத் துறைக்கு அவர் அளிக்க வேண்டிய ஆய்வேடு அது. பதிவுகள் பதினான்கு மணி நேரத்திற்கு மேற்பட்டவை. அங்ஙனம் பேசியோருள் இருவர் அதற்குள் காலமாயினர். பதிவுகளின் படி வேறெங்கும் இல்லை.

முன்னாள் மாலை, 'புதுப்பிக்கலாமா?' என்று கணிப்பொறி வினவ, இவர் இசைந்திருக்கின்றார். மறுநாட் காலை கறுத்த திரையில் வெள்ளெழுத்து வரிகள் ஓடி நின்றுவிட்டன. பழுது பார்க்கும் கடையொன்றிற் காட்டியபோது, 'டிஸ்க் போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறோம்' என்று சொல்லிவிட்டனராம். "அழித்துவிடலாமா, ஐயா?" என்று கேட்ட அவர் முகத்தை யான் மறத்தற்கில்லை.

"தம்பி, அழிப்பதற்கு நாளை வேண்டுமாயினும் நேரம் உண்டு. முதலில் திரையில் என்ன எழுதியிருக்கின்றதென்று படிப்போம்" என்றேன்.

இவ்விடத்து, கணிப்பொறி எழும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். இயங்குதளம் என்னும் பெருநிரல் தட்டிலே உறங்குகின்றது. தட்டினின்று ஒன்றைப் படித்தெடுத்தற்கு இயங்குதளம் வேண்டும். அவ்வாறாயின் இயங்குதளத்தையே படித்தெடுப்பது யார்? தன் தோளின்மேல் தானே ஏறுதல் ஒருவற்கும் இயலாதென்று தருக்கநூலார் கூறுவர். மேனாட்டாரும் இச்சிக்கலைக் கண்டே, தன் காலணி வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்வதென்னும் வேடிக்கைப் பேச்சினின்றும் இச்செயலுக்கு 'பூட்' என்று பெயரிட்டனர். சிக்கல் தீர்வது படிப்படியான ஏற்பாட்டினால். மின்விசை பாய்ந்தவுடன் தாய்ப்பலகையில் நிலையாகப் பொறிக்கப்பட்ட சிறு நிரலொன்று விழிக்கின்றது. பழைய பொறிகளில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஈஎஃப்ஐ. அது தட்டின் குறித்த ஓரிடத்தை மட்டும் படித்து, 'கிரப்' என்னும் ஏற்றியை எழுப்பும். கிரப்பு, கெர்னலையும் அதனுடன் தொடக்கப் பொதி ஒன்றையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்ளும்.

கெர்னல் என்பதைத் தமிழிற் கரு என்பாரும் உளர். வன்பொருள்கட்கும் ஏனைய நிரல்கட்கும் இடைநின்று ஆட்சி செய்வது அஃதே. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னலே இம்மடிக்கணினியிலும் இருந்தது. உபுண்டு என்பது அதனைச் சூழ்ந்த தொகுப்பின் பெயர். தொடக்கப் பொதியின் வேலை யாதெனின், தட்டைத் திறத்தற்கு வேண்டிய கருவிகளைக் கெர்னலுக்குக் கொணர்ந்து கொடுத்தல். பூட்டிய வீட்டின் திறவுகோல் வீட்டினுள்ளேயே இருப்பின் எவ்வாறு நுழைவது? ஆகலின் திறவுகோலை மட்டும் தனியே ஒரு பொதியில் வைத்து முற்கூட்டியே ஏற்றிவிடுகின்றனர். இம்மாணவர் தம் தட்டினை மறைகுறியாக்கிக் கடவுச்சொல்லாற் பூட்டியிருந்தார். அக்கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதும் அப்பொதியின் வேலையே.

இனித் திரையைப் படிப்போம். இறுதி வரி, 'கெர்னல் பேனிக் – நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக் (0,0)' என்றிருந்தது. அச்சுறுத்தும் சொற்கள்தாம். ஆயினும் பொருள் எளிது: 'யான் எழுந்துவிட்டேன், ஆனால் என் வேரடைவு எந்தத் தட்டில் உள்ளதென்று எனக்குத் தெரியவில்லை' என்பதே. இரண்டு சுழிகளும், தட்டு கெட்டதென்று கூறவில்லை; தட்டு இன்னதென்று கெர்னல் அறியவேயில்லை என்று கூறுகின்றன.

"கடவுச்சொல்லைக் கேட்டதா?" என்றேன்.

"இன்று காலையிலிருந்து கேட்கவேயில்லை, ஐயா."

இம்மறுமொழியே எனக்குப் பாதி விடையாயிற்று. கடவுச்சொல்லைக் கேட்கவில்லையெனின் தொடக்கப் பொதி இயங்கவில்லை. அஃதன்றியும், கிரப்பும் கெர்னலும் அதே தட்டினின்றுதானே வந்தன? தட்டு முற்றும் மாண்டிருப்பின் அவ்வரியைத் திரையில் எழுதியவர் யார்? கடைக்காரர் இதனை எண்ணியிருப்பின் அத்துணை விரைவில் தீர்ப்புக் கூறியிரார். அவரைக் குறை கூறல் என் கருத்தன்று. நாடோறும் இருபது பொறிகளைப் பார்ப்பவர்க்கு அழித்தெழுதுதல் அரைமணி வேலை, ஆராய்தல் அரைநாள் வேலை. எனினும் பொருளுக்கு உரியவர் கேட்டுத் தெளிய வேண்டியது நேரத்தைப் பற்றியதன்று.

கெர்னல் புதுப்பிப்பில் ஒரு நன்மையுண்டு. அதனைப் பலர் அறியார். ஏனைய நிரல்களைப் புதுப்பிக்குங்கால் புதியது பழையதை அழித்து அதனிடத்தில் அமர்கின்றது. கெர்னல் அங்ஙனமன்று. உபுண்டு, டெபியன் முதலிய தொகுப்புகளிற் புதிய கெர்னல் பழையதன் அருகே தனியே வைக்கப்படுகின்றது. நேற்றுவரை நன்கு எழுந்தது இன்றும் அங்கேயே இருக்கின்றது. பொறியை அணைத்து மீண்டும் இயக்கி, உற்பத்தியாளர் சின்னம் தோன்றியவுடன் எஸ்கேப் விசையைத் தட்டினேன். (பழைய பயாஸ் பொறிகளில் ஷிஃப்டு விசையை அழுத்திப் பிடித்தல் வேண்டும்.) கிரப்பின் பட்டியல் வந்தது. அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்னும் இரண்டாம் வரியைத் திறக்க, கெர்னல்கள் நான்கும் எண் வரிசையில் நின்றன. முதலிற் புதியது. அதனை விடுத்து அடுத்ததனைத் தெரிந்தேன்.

திரை கடவுச்சொல்லைக் கேட்டது. மாணவர் விசைகளை அழுத்திய விரல்கள் நடுங்கின. சில நொடிகளில் அவருடைய முகப்புத்திரையும், அதில் 'சைகோன்' என்று பெயரிட்ட கோப்புறையும் தோன்றின.

பழுது நீக்கும் வேலையை உடனே தொடங்க விட்டேனல்லேன். புறத்தட்டு ஒன்றினைச் செருகி, கோப்புறை முழுவதையும் முதலிற் படியெடுத்தோம். பதிவுகளுள் ஒன்றிரண்டைத் திறந்து ஒலிக்கின்றனவா என்றும் பார்த்தோம். அதன் பின்னரே காரணத்தைத் தேடினோம். 'டிஎஃப்' என்னும் ஏவலைக் கொடுக்க, 'பூட்' என்னும் தனிப்பிரிவு நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தமை தெரிந்தது. மறைகுறியாக்கிய தட்டுகளில் இப்பிரிவு தனியே, சிறியதாக அமைக்கப்படும். இவருடையது 500 மெகாபைட்டு. ஒரு கெர்னலும் அதன் பொதியும் ஏறக்குறைய 130 மெகாபைட்டு இடங்கொண்டன. மூன்று கெர்னல்கள் முன்னமே அமர்ந்திருக்க, நான்காவது வந்தது. கெர்னல் நுழைந்துவிட்டது; அதன் பொதி அமைதற்கு இடமில்லை. புதுப்பிக்கும் நிரல், இடமில்லையென்று ஒரு வரி எழுதி முறையிட்டே இருந்தது. ஓடும் வரிகளை யார் படிக்கின்றார்கள்?

பழைய கெர்னல்களைத் தானே நீக்கும் ஏற்பாடு அத்தொகுப்பில் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்மை. ஆனால் இவர் கம்பியில்லா இணைப்பு சரியாக வேலை செய்யவில்லையென்று, யாரோ கூறியது கேட்டு இரண்டு கெர்னல்களைத் தம் கையால் நிறுவியிருந்தார். கையால் நிறுவியவற்றை அவ்வேற்பாடு தீண்டாது.

'யூநேம்' என்னும் ஏவலால் அப்போது இயங்கிய கெர்னல் இன்னதென்று முதலில் உறுதி செய்துகொண்டோம். இயங்கும் கெர்னலை நீக்குதல் அமர்ந்த கிளையை வெட்டுதலாம். எஞ்சிய பழையன இரண்டையும் 'ஏபிடி' என்னும் பொதி மேலாளரைக் கொண்டே நீக்கினோம். சிலர் அவசரத்தில் அக்கோப்புகளைக் கையால் அழித்துவிடுவர். அங்ஙனம் செய்யின் மேலாளரின் பதிவேடு ஒன்று கூற, தட்டு வேறொன்று கூறும். அடுத்த புதுப்பிப்பு அதனினும் பெரிய குழப்பமாகும். இடம் கிடைத்தபின், பாதியில் நின்ற நிறுவலை 'டிபிகேஜி' ஏவலால் நிறைவேற்ற, புதிய கெர்னலுக்குரிய தொடக்கப் பொதி உருவாயிற்று. 'அப்டேட்-கிரப்' என்னும் ஏவலால் ஏற்றியின் பட்டியலையும் புதுக்கினோம். மறுமுறை இயக்கியபோது புதிய கெர்னலே கடவுச்சொல்லைக் கேட்டது.

எல்லாப் பொறிகளும் இதே காரணத்தால் முடங்குவதில்லை. கடவுச்சொல் வரையில் வந்து, அதன் பின் திரை மட்டும் இருண்டு நிற்குமாயின், பெரும்பாலும் வரைகலை அட்டையின் இயக்கி புதிய கெர்னலுக்கு ஏற்பக் கட்டப்படவில்லையென்று கொள்ளலாம். அப்போதும் பழைய கெர்னலில் ஏறி, புதியதற்குரிய தலைப்புக் கோப்புகளை நிறுவி, இயக்கியை மீளக் கட்டுதல் வேண்டும். 'செக்யூர் பூட்' என்னும் காவல் ஏற்பாடு இருப்பின், கையொப்பமில்லாத இயக்கியை அது உள்ளே விடாது. கிரப்பின் பட்டியலே தோன்றாவிடின், வேறொரு பொறியிற் பென்டிரைவில் இயங்குதளத்தை எழுதிக்கொணர்ந்து, அதனால் எழுப்பி, தட்டினை வெளியிலிருந்து திறந்து செப்பனிடலாம். மறைகுறியாக்கிய தட்டாயினும் கடவுச்சொல் தெரிந்தவர்க்கு அது திறக்கும். இம்முறையைப் படத்துடன் விளக்குதல் இவ்விதழிற் கூடாது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவொன்று கிராமப்புற மாணவர்க்கு இவற்றைக் கற்பித்து வருகின்றது. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழிலும் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் பல உள்ளன.

இத்துணைத் தொல்லையெனின் புதுப்பியாமலே இருந்தால் என்ன என்று மாணவர் வினவினார். கெர்னல் ஏனைய நிரல்கட்கெல்லாம் அடித்தளமாதலின், அதில் ஓட்டையொன்று காணப்படின் வீடு முழுவதும் திறந்து கிடப்பதாகும். அவ்வோட்டைகளை அடைப்பனவே புதுப்பிப்புகளுட் பல. லினக்ஸில் ஏறக்குறைய ஒன்பது பத்து வாரங்கட்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியாகின்றது. அடித்தளம் என்பதனாலேயே அங்கு நேரும் பிழையும் பெரிதாகின்றது. 2024 ஜூலை 19ஆம் நாள், விண்டோஸ் கெர்னலோடு ஒட்டி இயங்கும் கிரவுடுஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளுக்கு வந்த பிழையுள்ள கோப்பொன்றினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகள் எழ மாட்டாமல் நீலத்திரையுடன் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானமேறும் அனுமதிச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அன்றும் பரிகாரம், பாதுகாப்பு முறையில் எழுப்பி அந்த ஒரு கோப்பை நீக்குவதேயாயிருந்தது, தட்டை அழிப்பதன்று.

அடுத்த மாதமே, ஆகஸ்டு 13ஆம் நாள் வெளியான விண்டோஸ் புதுப்பிப்பொன்று, விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே குடியிருந்த பொறிகள் சிலவற்றில் லினக்ஸை எழவொட்டாமற் செய்தது. இரண்டும் ஒருங்கே குடியிருத்தல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 2011 செப்டம்பரில் அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் வைக்கப்பட்டிருந்தது. யான் அறிந்த மாணவர் பலர் அதனை ஒருமுறையேனும் திறந்து பாராது நீக்கிவிட்டனர். இருந்திருப்பின், விண்டோஸ் எழாத நாளில் அதன் வழியே நுழைந்து கோப்புகளை மீட்டிருக்கலாம்.

கோட்டக்குப்பத்து நண்பர் மாலைப் பேருந்திற்குப் புறப்படுமுன், பதிவுகளுள் ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினார். காலமான இருவருள் ஒருவரது குரல். சைகோன் கடைத்தெருவிற் காலையிற் கதவு திறக்கும் ஓசையைப் பற்றி அம்முதியவர் விரிவாகக் கூறிக்கொண்டிருக்க, இடையில் யாரோ தேநீர் கொணர்ந்து வைக்கும் ஓசையும் கேட்டது. "இதை எங்கள் பாட்டியிடம் ஒரு படி கொடுத்து வைக்கப் போகிறேன், ஐயா" என்றார். புறத்தட்டை என்னிடமே வைத்துச் சென்றார். அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது.