கை ஓங்கியவருக்குத் தடை, சாதி சொன்னவருக்கு?

கார்னர் கிக் அடிக்கப்போகும் நேரம். கோல் கம்பத்துக்கு முன்னால் இரு அணியினரும் நெருக்கியடித்து நின்றார்கள். பந்து இன்னும் வரவில்லை. எங்கள் காலனி அணியின் தடுப்பாட்டக்காரர் சட்டெனத் திரும்பி, பின்னால் நின்றவரை இரண்டு கைகளாலும் மார்பில் தள்ளினார். அவர் மல்லாந்து விழுந்தார். நடுவர் ஓடிவந்து சிவப்பு அட்டையை எடுத்தார்.

மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் பார்த்தது இவ்வளவுதான். அதற்கு முந்தைய நொடியில் காதருகே சொல்லப்பட்டதைப் பக்கத்தில் நின்ற நாங்கள் இருவர் கேட்டோம். சாதிப் பெயரைச் சொல்லி, கூடவே அவருடைய அம்மாவையும் இழுத்திருந்தார் பின்னால் நின்றவர்.

அன்று மாலை டீக்கடையில் போட்டிக் கமிட்டி கூடியது. அவரை அழைக்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. கைகலப்பில் ஈடுபட்டதற்காக ஓராண்டுத் தடை என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி வந்தது. சாதி சொன்னவர் அடுத்த ஞாயிறு வழக்கம்போல ஆடினார். வாரத்தில் ஆறு நாள் பெயின்ட் அடித்துவிட்டு ஞாயிறுக்காகக் காத்திருந்தவர் எங்கள் தோழர். தடைக்காலம் முடிந்தும் அவர் திரும்பி வரவில்லை.

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் கிராமம்தோறும் நடக்கிற கால்பந்துப் போட்டிகளில் ஆடியவர்களுக்கு இது புதிய கதை அல்ல. தள்ளியது தவறுதான், அதற்குச் சிவப்பு அட்டை சரியே. ஆனால் அடித்த கை மட்டும் குற்றமாகி, அடிக்கவைத்த சொல் ‘ஆட்டத்தில் சகஜம்’ ஆகிவிடுவது எந்த விதியில் இருக்கிறது?

விதி சொல்வது என்ன?

எந்த விதியிலும் இல்லை. உலகம் முழுவதும் பின்பற்றப்படும் கால்பந்து ஆட்ட விதிகளில் 12-வது விதி, இழிவான, அவமதிக்கும் சொற்களைப் பேசினால் நேரடியாகச் சிவப்பு அட்டை என்கிறது. அடிப்பதற்கும் அதே சிவப்பு அட்டைதான். பாகுபாடு காட்டிப் பேசினால் ஃபிஃபா இன்னும் கடுமை காட்டுகிறது. 2019-ல் ஒழுங்கு விதிகளைத் திருத்தியபோது, இத்தகைய பேச்சுக்குக் குறைந்தபட்சத் தண்டனையை 10 ஆட்டத் தடையாக உயர்த்தியது. நிறம், இனம், மதம் ஆகியவற்றோடு சமூகப் பின்னணியும் பிறப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. பிறப்பை வைத்து இழிவுசெய்வதுதானே சாதி?

2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பலருக்கும் நினைவிருக்கும். பிரான்ஸ் கேப்டன் ஜிடேன், இத்தாலியின் மாட்டராஸியைத் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டார். ஃபிஃபா அதோடு நிறுத்தவில்லை. இருவரையும் விசாரித்தது. ஜிடேனுக்கு 3 ஆட்டத் தடை; சீண்டிப் பேசிய மாட்டராஸிக்கு 2 ஆட்டத் தடை. இருவருக்கும் அபராதமும் உண்டு. பேசப்பட்டது இனவெறிச் சொல் அல்ல என்று இருவருமே கூறியிருந்தார்கள். அப்படியிருந்தும் சீண்டியவர் தப்பவில்லை.

யாரும் கேட்கவில்லையே?

கமிட்டிகள் வழக்கமாகச் சொல்லும் பதில், ‘நடுவர் காதில் விழவில்லை, சாட்சி இல்லை’ என்பது. 2011-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் அணியின் சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைடெட் அணியின் எவ்ராவை நிறத்தைக் குறித்து இழிவாகப் பேசியதாகப் புகார் எழுந்தது. பேச்சு நடந்தது ஸ்பானிஷ் மொழியில். வேறு யாரும் கேட்கவில்லை. விசாரணைக் குழு இருவரையும் தனித்தனியே கேட்டது, காணொளிகளைப் பார்த்தது, யாருடைய சொல் முன்னுக்குப் பின் முரணில்லாமல் நிற்கிறது என்று எடைபோட்டது. 8 ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்து, அதற்கான காரணங்களை 115 பக்கங்களில் எழுதி வெளியிட்டது. நம் ஊர்க் கமிட்டியிடம் 115 பக்கம் யாரும் கேட்கவில்லை. இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்டு ஒரு பக்கம் எழுதினால் போதும்.

தடை வேறு, வழக்கு வேறு

பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அப்பிரிவுகளைச் சேராதவர் பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவின்படி அது குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். உறவினரும் நண்பர்களும் மட்டுமே இருந்தால் அது பொதுமக்கள் பார்வை ஆகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. ஆகவே அணித் தோழர்கள் அல்லாமல், அதைக் கேட்ட பார்வையாளர் யார் என்பதைக் குறித்துவைப்பது அவசியம். கட்டணமில்லாத 14566 என்ற உதவி எண்ணிலும் புகார் தரலாம்.

கமிட்டி தடை விதித்துவிட்டது என்பதற்காகப் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது. ‘நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்’ என்று வற்புறுத்தும் அதிகாரமும் எந்தக் கமிட்டிக்கும் கிடையாது.

என்ன செய்யலாம்?

போட்டி தொடங்கும் முன்பே ஒழுங்கு விதிகளை ஒரு தாளில் எழுதி எல்லா அணி கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சாதி சொல்லித் திட்டினால் எத்தனை ஆட்டத் தடை என்பது அதில் எண்ணாகவே இருக்க வேண்டும். அது கைகலப்புக்கான தண்டனையைவிடக் குறையக் கூடாது. தடையை ஆட்டக் கணக்கில் விதிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு போட்டி மட்டுமே ஆடக் கிடைப்பவருக்கு ஓராண்டுத் தடை என்பது மொத்த ஆட்டத்தையும் பறிப்பது. விசாரணைக் குழுவில் காலனியைச் சேர்ந்தவர்களும் இடம்பெற வேண்டும். சம்பந்தப்பட்ட அணிகளின் ஆட்கள் விலகி நிற்க வேண்டும். முடிவுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும், மேல்முறையீடு செய்ய ஒரு வாரமாவது தர வேண்டும்.

ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. திட்டு விழுந்த உடனே கேப்டனிடம் சொல்லுங்கள். கேப்டன் நடுவரிடம் சொல்லி, ஆட்ட அறிக்கையில் பதியச் செய்ய வேண்டும். எத்தனையாவது நிமிடம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள். அன்று நாங்கள் இதில் எதையும் செய்யவில்லை. கேட்ட இருவரும் வாய் திறக்க ஒரு வாரம் ஆயிற்று. கமிட்டி செய்த தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அந்தத் தடைக்குப் பிறகு எங்கள் அணியில் புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பெரியவர்கள் சொல்லித்தந்தது, ‘காதில் விழாத மாதிரி ஆடு’ என்பதுதான். தெருவில் நடக்கும்போது எங்கள் தாத்தாக்களுக்குச் சொல்லப்பட்டதும் இதேதான். அடுத்த போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டப் போகும் காலனி அணிகள், பரிசுத் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ஒழுங்கு விதித் தாள் எங்கே என்று கேட்கட்டும். அப்படி ஒன்று இல்லை என்று சொன்னால், எழுதித் தந்த பிறகு பணம் கட்டட்டும்.