டைமருக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்

தில்லியில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5.25-க்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடும். ஜூன் கடைசியில் 7.20 ஆகும். மாடிப்படி விளக்குகளுக்கு டைமர் வைத்துள்ள குடியிருப்புகளில் பருவத்துக்குப் பருவம் அதைத் திருத்தி வைக்க வேண்டும். யார் வைக்கிறார்கள்? மே மாதம் ‘ஆந்தி’ கிளம்பிப் பட்டப்பகலில் இருட்டினால் டைமருக்கு அது தெரியாது. படியிறங்கும் பாட்டிக்குத்தான் தெரியும்.

ஆகவே கையால் போடவும் ஒரு சுவிட்ச் வேண்டும். பிஜிலிவாலாவிடம் சொன்னால் டைமருக்கு இணையாக ஒரு சாதாரண சுவிட்சை மாட்டிவிட்டுப் போவார். விளக்கு எரியும், சரி. ஆனால் டைமர் போட்ட விளக்கை அதனால் அணைக்க முடியாது. கைக்கு எட்டிய வேறொரு ஃபேஸிலிருந்து அவர் ஒயர் இழுத்திருந்தால் இன்னும் மோசம். டைமரும் சுவிட்சும் ஒரே சமயத்தில் சேர்ந்தால் இரண்டு ஃபேஸ்கள் முட்டிக்கொள்ளும். 400 வோல்ட் ஷார்ட் சர்க்யூட் என்றால் விளையாட்டல்ல.

அணைக்க முடியாததன் விளைவை 2018 குளிர்காலத்தில் எங்கள் பிளாக்கிலேயே கண்டோம். பல்பு மாற்ற ஒரு பையன் ஏணியில் நின்றிருந்தான். மணி ஆறு அடித்தது. டைமர் தன் வேலையைச் செய்தது. ஷாக் அடித்து விழுந்தவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. ‘அவன் சுவிட்சை அணைத்துவிட்டல்லவா ஏறியிருக்க வேண்டும்?’ என்று செயற்குழுவில் கேட்டார்கள். அணைக்கச் சுவிட்சே கிடையாது!

அதன் பிறகு நான் போட்டுக்கொடுத்தது மூன்று நிலை செலக்டர் சுவிட்ச்: ‘ஆட்டோ - ஆஃப் - மானுவல்’. எம்.சி.பி.யிலிருந்து ஃபேஸ் செலக்டரின் பொது முனைக்கு வரும். ஆட்டோவில் டைமரின் கான்டாக்ட் வழியாகவும், மானுவலில் நேராகவும் அது ஒரு கான்டாக்டரின் காயிலுக்குப் போகும். விளக்குகளின் சுமை முழுவதும் கான்டாக்டருக்கு. டைமர் மேல் 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக அதில் கோக்காதீர்கள். போட்ட கணத்தில் அவை இழுக்கும் கரண்ட் பல மடங்கு. கான்டாக்ட் ஒட்டிக்கொண்டு பகலிலும் எரியும்.

டைமரின் கடிகாரத்துக்கான சப்ளையைச் செலக்டருக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால், உள்ளே பாட்டரி இல்லாத டைமர் மானுவலில் இருக்கும் நேரமெல்லாம் நின்றுபோய், பிறகு தப்பான நேரம் காட்டும்.

‘ஆஃப்’ இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பியும் ஏணி ஏறக் கூடாது. யாராவது வந்து திருப்பிவிடலாம். எம்.சி.பி.யை இறக்கி, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று அட்டை தொங்கவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ரயில்வேயில் இதைச் செய்யாதவனை லைனில் இறங்க விடமாட்டோம்.

செலக்டரைச் சௌகிதார் அறையிலேயே வைக்கலாம். அதில் ஓடுவது காயிலின் கரண்ட் மட்டுமே. மானுவலில் போட்டு மறந்துவிடுவார்கள் என்பதால், அந்த நிலையில் எரியும்படி ஒரு சின்ன மஞ்சள் விளக்கும் சேருங்கள். மூன்று நிலைகளின் பெயரையும் இந்தியில் எழுதி ஒட்டிவிடுங்கள். திருப்பப்போகிறவர் சௌகிதார்தானே.