பழைய பலகையின் பலம்

பண்ருட்டிப் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போது ஓட்டையும் செங்கல்லையும் விலை பேசுகிறார்கள். பாதி மரம் விறகுக்குப் போகிறது. மச்சுப் பலகையை அப்படிப் பிளந்து அடுக்குவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. புது மரத்தில் எளிதில் கிடைக்காத நிதானம் அதில் இருக்கிறது.

வெட்டிய மரத்தின் செல் சுவர்களில் நீர் பிடித்திருக்கும். ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. ஆண்டு வளையத்தின் போக்கிலோ, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் இருப்பதைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வுதான் பலகையைக் கோணலாக்குகிறது, வெடிக்க வைக்கிறது. பல பத்தாண்டுக் கோடையையும் ஐப்பசி மழையையும் கண்ட பலகை, கோண வேண்டிய அளவு கோணி முடித்தது. இழைத்துச் சமன் செய்தால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஈரத்தை அதிகம் இழுக்கும் ஹெமிசெல்லுலோஸ் காலப்போக்கில் மெல்லச் சிதைவதால், உப்புவதும் சுருங்குவதும்கூட அதற்குக் குறைவு.

ஜப்பானின் ஹோர்யூஜி ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண் 594-ஆம் ஆண்டு வாக்கில் வெட்டிய மரம் என்று வளையக் கணக்கு சொல்கிறது. அது இன்னும் நிற்கிறது.

எல்லா மரமும் அப்படி நிற்காது. வைரம் பாய்ந்திருக்க வேண்டும். தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் இருப்பதால் கரையான் எளிதில் அண்டுவதில்லை. நம் பலாவின் வைரத்துக்கு மஞ்சள் நிறம் தருவது மோரின் என்ற சாயம். பௌத்தத் துறவிகளின் ஆடைக்கும் பலாச் சிராயில் சாயம் காய்ச்சுவதுண்டு. வெளிச்சம் படப்பட மஞ்சள் செம்பழுப்பாக முதிரும். தஞ்சாவூர் வீணைக்குப் போகும் பண்ருட்டிப் பலாக்கட்டை இதே மரம்தான். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் இந்த வட்டாரத்தில் பலாத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அன்று விழுந்த முதுமரங்களின் வைரத்தை இளங்கன்றுகள் எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பழைய மரத்தை மறுபடி கட்டடமாக்க முடியுமா என்று கேட்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்குப் போகலாம். 1996-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் செட்டிநாட்டு வணிகர் வீடும், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த மர வீடும் இருக்கின்றன. சொந்த ஊரில் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மீண்டும் பூட்டினார்கள். துளையில் கழுந்தைச் செருகிப் பூட்டும் தச்சுமுறைதான் இப்படிக் கழற்றிப் பூட்ட இடம் தருகிறது. ஆணியடித்து இறுக்கிய வேலையைப் பிரித்தால் மரம் பிளக்கும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. சுவருக்குள் புதைந்திருந்த உத்திர முனை ஈரத்தில் மக்கியிருக்கலாம். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு உளுத்திருக்கலாம். சுத்தியால் தட்டினால் கணீரென்ற ஒலியும் பொத்தென்ற ஒலியும் காதுக்கே தெரியும். மக்கிய முனையை அறுத்துத் தள்ளினால் மிச்சம் தரைப்பலகையாகும். இழைப்பதற்கு முன் ஒடிந்த ஆணிகளைத் தேடி எடுத்துவிட வேண்டும்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ. எரித்தால் ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு கிளம்பும். தரையாகக் கிடக்கும் வரை அந்தக் கரி மரத்திலேயே இருக்கும்.

உங்கள் தெருவில் பழைய வீடு இடிபடப் போகிறதென்றால், கடப்பாறை விழுவதற்கு முன் ஒரு தச்சரை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். பலகைகளுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுக் கழற்றி, நிழலில் அடுக்கிவைக்கச் சொல்லுங்கள்.